எனக்கு நடந்த வளைகாப்பு

ஓர் ஆண் திருந்துவதில் யாருக்கும் நஷ்டமில்லை. திருந்திவிட்டதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும்போதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை கூடுகிறது. இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்கு வளைகாப்பு நடந்திருக்கிறது. மீசை வைத்த ஆளுக்கு நடந்தது, எனக்குத் தெரிந்து, என் ஒருவனுக்குத்தான்.

அப்போது நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தேன் (இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், முதலாளி பொறுமைசாலி). கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் எதிரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். மடித்து வைத்த புடவை உடம்பில் எப்படி விழும் என்று காட்டுவதற்கு நாங்கள் எங்கள் தோளிலேயே முந்தானையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என் சொந்தக் கல்யாணத்துக்கு வாங்கியதைக்கூட நான்தான் முதலில் கட்டிப் பார்த்தேன். அதனால் பெண்களின் கஷ்டத்தில் பாதி எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது.

மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் நடந்தது. கடைகளில் வேலை செய்யும் ஆண்களுக்கு மட்டும், ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு நாள் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா பேசினார்கள். பெண்களுக்குச் சமஉரிமை வர வேண்டுமென்றால் ஆண்கள் ஒதுங்கி நின்று வாழ்த்தினால் போதாது, பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைசிப் பகுதியில் ‘முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்’ என்று ஏதோ விளக்கினார்களாம். சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்க நான் முன்னாடியே எழுந்து போய்விட்டதால் அது என் காதில் விழவில்லை. ஆனால் ‘தோள் கொடுக்கும் தோழன்’ என்று எழுதிய பேட்ஜை மட்டும் மறக்காமல் வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே செவிலிமேட்டில் என் வீட்டில் புரட்சி ஆரம்பமானது. ஒரு மூடித் தேங்காய் துருவினேன். துருவியதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்ததில் அடுப்பிலிருந்த சட்னித் தாளிப்பு கருகியது. கருகிய கரண்டியை என் மனைவி கலைவாணி தேய்த்தாள். அதை நான் ஸ்டேட்டஸில் போடவில்லை.

கலைக்கு அப்போது ஏழாம் மாசம். கூடவே பி.எட். கடைசி வருஷம். வளைகாப்புக்குத் தேதி குறித்தாயிற்று; அது முடிந்து இரண்டு வாரத்தில் பரீட்சை. தேர்வு மையம் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். சிக்கல் என்னவென்றால், வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். கலையின் அம்மா வீடு தென்னேரி. ஏரிக்காற்று வீசும் வீடு, பாசமான ஜனங்கள். அந்தப் பாசம்தான் ஆபத்து. வாயும் வயிறுமாக இருக்கும் மகளை வாலாஜாபாத்தில் பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுத அவர்கள் எந்த ஜென்மத்திலும் விட மாட்டார்கள். இந்தத் தடவை விட்டால் ஒரு வருஷம் போச்சு. கைக்குழந்தையோடு அடுத்த வருஷம் எழுதுவது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் அவள் என்னிடம் ஒரு உதவி கேட்டாள். வளைகாப்பு முடிந்ததும் அவள் அப்பா, பெண்ணை அழைத்துப் போகலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்பார். அப்போது நான், பரீட்சை முடிந்து வருவாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“நீயே சொல்லலாமே?” என்றேன்.

“நான் சொன்னா அடம்னு சொல்லுவாங்கபா. அதையே நீ சொன்னா முடிவுன்னு சொல்லுவாங்க” என்றாள்.

அந்த அநியாயம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். ஆனால் ராத்திரி படுத்து யோசிக்கும்போது ஒரு குறை உறுத்தியது. பேட்ஜெல்லாம் வாங்கிய ஒரு மனுஷன் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்காருவதா? இன்னும் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டாமா? (வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். தெளிவாகவே சொல்லியிருந்தாள்.)

வளைகாப்பு அன்று வீடு கொள்ளவில்லை. கலையை மணையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். வளையல்காரர் காதர் பாய் தன் பெட்டியைத் திறந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைப் பரப்பினார். எங்கள் சொந்தத்தில் எல்லா வீட்டு வளைகாப்புக்கும் அவர்தான் வருவார். கையை ஒரு முறை அமுக்கிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். கலையின் தங்கை செல்வி, செல்போனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் எல்லாம் வழக்கப்படி வாசலில் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு, எப்போது இலை போடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நான் மட்டும் பேட்ஜோடு உள்ளே ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னாடா சேகரு, பொம்பளைங்க நடுவுலயே சுத்திக்கினு கீற? பேசாம நீயும் ரெண்டு வளையல மாட்டிக்கினு உக்காந்துக்கோ” என்றார்.

வாசல் முழுக்கச் சிரிப்பு. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்துக்கொண்டே வெளியே போயிருப்பேன். அன்று எனக்கு, ஆகா, இதுதான் சமயம் என்று பட்டது. தட்டைக் கீழே வைத்தேன். கலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, “போடுங்க பாய்” என்று கையை நீட்டினேன்.

காதர் பாய் என் கையை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தம்பி, உள்ள போறதுக்கு நான் பொறுப்பு. வெளிய வர்றதுக்கு அல்லாதான் பொறுப்பு” என்றார்.

கலை என் பக்கம் சாய்ந்து, “வேணாம்பா, சொன்னத மட்டும் செய்” என்று முணுமுணுத்தாள். நான் அவளைப் பார்த்துத் தியாகியின் புன்னகை ஒன்று புன்னகைத்தேன். காதர் பாய் தன் பெட்டியிலேயே பெரிய அளவு எதுவோ அதைத் தேடியெடுத்து, சோப்புத் தண்ணீரில் என் கையை முக்கி, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பெல்லாம் ஒன்றுசேரும்படி ஒரு பிடி பிடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பெண்கள் அதை உணர்ச்சிவசப்பட்ட கண்ணீர் என்று நினைத்துக் குலவை போட்டார்கள். இரண்டு கையிலும் நிறைய ஏறியது. அம்மா ஓடி வந்து என் கன்னத்திலும் சந்தனம் தடவினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். குழந்தை இரண்டு பேருக்கும் சொந்தமென்றால் வளையல் மட்டும் ஏன் ஒருத்தி கையில், வயிற்றிலிருக்கும் பிள்ளை அப்பாவின் கைச் சத்தத்தையும் கேட்டு வளரட்டும் என்றேன். கை தட்டினார்கள். கை தட்டினால் எனக்குப் பேச்சு நிற்காது. வீட்டு வேலை, சொத்துரிமை, பெண் கல்வி என்று போய்க்கொண்டே இருந்தேன். பெண் கல்வியைப் பற்றி மட்டும் ரொம்ப நேரம் பேசியிருப்பேன். ஒவ்வொரு தடவை கையை வீசும்போதும் வளையல் கலகலவென்றது, அது வேறு எனக்கு எடுப்பாக இருந்தது. வாசலில் இருந்த ஆண்கள்கூட உள்ளே வந்து நின்று கேட்டார்கள். பெரியப்பா மூக்கைச் சிந்தினார்.

நான் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து மாமனார் முன்னால் வந்தார். நெல் வியாபாரி, அதிர்ந்து பேசாதவர். என் இரண்டு கையையும் வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“எம்பொண்ணு குடுத்து வச்சவ மாப்ள. நேரமாவுது, அப்ப நாங்க அவள அழைச்சிக்கினு கிளம்பலாமா?” என்றார்.

அந்த நிமிஷத்தில் உலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்தேன். செல்வியின் செல்போனைப் பார்த்தேன்.

“தாராளமா மாமா. பொண்ணப் பெத்தவரு நீங்க, எங்கிட்ட கேக்கணுமா?” என்றேன்.

மறுபடியும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குகிற நேரத்தில்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மெதுவாகத் திரும்பினேன். கலை மணையிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும்போது அவள் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். ‘நீங்க’ வந்தால் புயல் எச்சரிக்கை என்று அர்த்தம். அவளுக்குக் கைகொடுத்து எழுப்பப் போனபோது, என் காதில் மட்டும் விழும்படி, “ரொம்ப நல்லா பேசுனீங்க” என்றாள்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கப் பார்த்ததெல்லாம் வீண். சீர்த்தட்டு, கூடை, தலையணை என்று எல்லாம் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. கலை தன் புத்தகங்களைப் பையில் எடுத்து வைத்தபோது மாமியார், “அங்க எதுக்குமா இதெல்லாம்? நல்லா தூங்கு” என்று அன்பாகப் பாதியை வெளியே எடுத்து வைத்தார். நான் மாமனாரைத் தனியாகப் பிடிக்கலாம் என்று வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். போன இடத்திலெல்லாம் வளையல் சத்தம் எனக்கு முன்னால் போய், எல்லோரும் திரும்பிச் சிரித்தார்கள்.

இதற்கிடையில் வளையல் கழலவில்லை. சோப்பு போட்டோம், விளக்கெண்ணெய் போட்டோம். உள்ளங்கை வீங்கியதுதான் மிச்சம். உடைத்துவிடலாம் என்று காதர் பாய் ஒரு சின்னக் குறடை எடுத்தார். அப்போது வேன் ஜன்னலிலிருந்து கலையின் குரல் வந்தது.

“சடங்குல போட்டத உடைக்கக் கூடாது பாய். கொழந்தைக்கு ஆவாது. பொறக்கிற வரைக்கும் இருக்கட்டும்” என்றாள்.

ராகுகாலத்தில் வேண்டுமென்றே பரீட்சைக்குக் கிளம்புகிறவள் அவள். சடங்கு, சகுனம் எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவள் சொல்வது சரி என்றார்கள். போட்டது போட்டதுதான் என்று என் அம்மா தீர்ப்பு சொன்னாள். வேன் கிளம்பியது.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். மேல்கம்பியைப் பிடித்ததும் முழுக்கைச் சட்டை சரிந்து வளையல்கள் வெளியே வந்துவிட்டன. முதுகுப்பக்கமிருந்து கண்டக்டர், “உள்ள போமா, உள்ள போமா” என்று சொல்லிக்கொண்டே மகளிர் இலவச டிக்கெட் ஒன்றைக் கிழித்து என் கையில் திணித்தார். நான் திரும்பினேன். மீசையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி மீசையைப் பார்த்தார். பேசாமல் அந்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு காசு டிக்கெட் கொடுத்தார்.

கடையில் முதல் நாள் கைக்குட்டை சுற்றிச் சமாளித்தேன். இரண்டாம் நாள் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். நாள் முழுக்கப் பார்த்து, பெண் ஒருவழியாக ஒரு அரக்குப் புடவையில் மனசு வைத்தாள். அதைத் தோளில் போட்டுக் காட்டினேன். முந்தானையைச் சரிசெய்யக் கையை இழுத்தபோது, ஓரத்தில் லேசாக விண்டிருந்த ஒரு வளையல் ஜரிகையில் மாட்டி, ஒரு இழை நீளமாக வெளியே வந்தது. பெண்ணின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். முகூர்த்தப் புடவையில் இழை போவது என்றால் சும்மாவா? அவர்களைச் சமாதானப்படுத்தி வேறு புடவை எடுக்க வைப்பதற்குள் முதலாளிக்கு நாக்கு தள்ளிவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. “சேகரு, நீ வளையல் போடு, கொலுசு போடு, அது உன் இஷ்டம். அது கழலற வரைக்கும் புடவ மேல கை வெக்காத” என்று சொல்லி, என்னை வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு அனுப்பினார். மூத்த விற்பனையாளன், கண்ணாடி வளையலோடு, வருகிறவர்களின் செருப்பை வாங்கி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

தினமும் கலைக்குப் போன் செய்தேன். நான் மன்னிப்பு கேட்பேன். அவள், “வளையல் பத்திரமா இருக்குதா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பரீட்சை நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், திங்கட்கிழமை பரீட்சை என்றால் அதற்கு முந்தின வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டுத் தென்னேரிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். மகள் சிரமப்படக் கூடாது என்று மாமனார் புதிதாகக் கட்டியிருந்த வெஸ்டர்ன் டாய்லெட்டை மாமியார் பெருமையோடு திறந்து காட்டி, தண்ணீர் இழுத்தும் காட்டினார். இவ்வளவு ஆசையாகச் செய்து வைத்திருக்கிறவர்களிடம் போய் எப்படிச் சொல்வது? கலை உள்ளறையில் கட்டிலில் இருந்தாள். நான் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் என்னைப் பார்க்காமல் படித்ததும், அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியிருந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

இருந்தாலும் சுயபுத்தி போகுமா? முதலில் என் கஷ்டத்தைத்தான் சொன்னேன். கடை, செருப்பு ஸ்டாண்டு, கண்டக்டர். பெரியப்பா, எவ்வளவு கேலி செய்தாலும் வளையல் போட்டவனுக்கு வாயில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றும் சொன்னேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். “வளையல் போட்டவங்க நாங்க எல்லாரும் பேசிக்கினுதான் இருக்கோம். நீ ஒருத்தன்தான் பேசல” என்றாள்.

நான் எழுந்து நேராகக் கூடத்துக்கு வந்தேன். மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மாமியாரும் செல்வியும் பக்கத்தில் இருந்தார்கள். “மாமா, நம்ம சமுதாயத்துல பாத்தீங்கன்னா” என்று ஆரம்பித்தேன். பின்னால் கதவோரம் கலை தொண்டையைக் கனைத்தாள். சமுதாயத்தை அப்படியே கீழே போட்டேன்.

“கலை பரீட்ச எழுதணும் மாமா. இன்னிக்கு எங்கூட வரட்டும். எழுதி முடிச்சதும் நானே கொண்டாந்து விடறேன்” என்றேன்.

மாமனார் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. “அன்னிக்குக் கேட்டப்ப தாராளமான்னு சொன்னீங்களே மாப்ள?”

“அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன் மாமா.”

அவர் வெற்றிலையை மடித்தார். பிறகு, “சரி, நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னா அழைச்சிக்கினு போங்க” என்றார். அவ்வளவுதான். பத்து நாளாக என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் மகளைப் பார்த்து, “ஏம்மா, எழுதணும்னு நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றார்.

“வந்த அன்னிக்கே சொன்னேன்பா. நேத்து சாயங்காலம் சொன்னேன். காலையில நீ இட்லி சாப்பிடும்போதுகூட சொன்னேன்” என்றாள் கலை.

“நீ சும்மா சொல்றன்னு நெனச்சேன்மா” என்றார் அவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது; அன்றுவரை வளையலுக்காகப் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. மூன்று தடவை அவள் தெளிவாகச் சொன்னது அந்த வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. கையில் கண்ணாடி வளையலோடு நான் ஒரு தடவை சொன்னது முடிவாகிவிட்டது. மாமனாருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். வெற்றிலையைப் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

கிளம்பும்போது செல்வி அடுப்படியிலிருந்து ஒரு மெல்லிய பாலிதீன் கவரைக் கொண்டுவந்தாள். என் கையில் அதை மாட்டி, வளையலுக்கு அடியில் விட்டு, ஒவ்வொன்றாக வழுக்கி இழுத்தாள். உடையாமல், வலிக்காமல், அத்தனையும் கழன்று வந்தன. நான் கலையைப் பார்த்தேன்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுமே. எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியும்” என்றாள். வளைகாப்பு அன்று கூடியிருந்த அத்தனை பெண்களையும் நினைத்துக்கொண்டேன். என் அம்மா உட்பட.

கலை பரீட்சை எழுதினாள், பாஸானாள். பெண் குழந்தை பிறந்தது. இப்போது கலை ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமனார்தான் ஆளே மாறிப்போனார். அதற்குப் பிறகு வீட்டுப் பெண்கள் எது சொன்னாலும், “இரு, இன்னொரு வாட்டி சொல்லு, சரியா கேக்கல” என்று கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட மாமியார் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருஷம் செல்விக்கு வளைகாப்பு, அவள் புருஷன் வீட்டில். இந்த விஷயத்தில் அனுபவசாலி என்ற முறையில் நானும் முன்வரிசையில் இருந்தேன். மாமனார் மாப்பிள்ளையிடம், அழைத்துப் போகலாமா என்று வாயெடுத்தார். பாவம் அந்தப் பையன், என்னைப்போல உளறிவிடப் போகிறான் என்று நான் சட்டென்று எழுந்து நின்றேன். செல்வி படித்தவள், வேலைக்குப் போகிறவள், அவளை வழக்கம் என்ற பேரில் எங்கேயும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அவள் இங்கேயேதான் இருப்பாள் என்று எல்லோர் முன்னாலும் உறுதியாகச் சொன்னேன். ஒரே மூச்சில், திக்காமல், சமுதாயத்தை எல்லாம் இழுக்காமல்.

செல்வி மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “மாமா, நான் லீவு போட்டுட்டு ஒரு மாசமா இந்த நாளுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன். அம்மா கையால சாப்பிட்டு நிம்மதியா தூங்கணும். உங்கள யாரு கேட்டா?” என்றாள்.

கலை சிரித்த சிரிப்பில் அவள் மடியிலிருந்த எங்கள் மகள் விழித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண் மனசுவிட்டு ஒரு கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாலும், பக்கத்தில் இருக்கிறவள் முதலில் என் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சேகர் மாமா காதுல விழாம சொல்லு. உதவி பண்ண வந்துடப் போறாரு” என்கிறாள்.